மறு: அஞ்சல் நிரலில் ‘ஆஃப்லைன் கேஷ்’ – ‘கைவச நகல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் நிரல்களின் தமிழாக்கத்தில் ‘ஆஃப்லைன் கேஷ்’ (cache; இணைப்பு இல்லாதபோதும் படிக்க மடல்களைக் கணினியில் எடுத்துவைப்பது) என்பதற்கு என்ன பெயர் என்ற கேள்விக்கு இது என் பதில். மேற்கோளில் இருப்பவை முன்பு வந்த யோசனைகள்.

> ‘தற்காலிகச் சேமிப்பு’ உலாவிகளில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே இங்கும் போட்டால் வேலை முடிந்தது.

உலாவிக்குச் சரி. அங்கே கேஷை முழுக்கத் துடைத்தாலும் பக்கம் திரும்ப இறங்கிவிடும். அஞ்சல் நிரலில் அந்தச் சொல்லைப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் கணினி பார்த்துக்கொடுப்பது பெரும்பாலும் சென்னை மண்ணடி, தம்பு செட்டித் தெரு பக்கத்துக் கிளியரிங் (துறைமுகச் சரக்கைச் சுங்கத்தில் விடுவிக்கும்) அலுவலகங்களுக்கு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர் எல்லாம் மெயிலில்தான் வருகின்றன. தனியாக எடுத்துவைக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. ‘தற்காலிகம்’ என்று திரையில் கண்டால் ஒன்று, மெயில் தானாகப் போய்விடுமோ என்று பதறுவார்கள். இல்லையென்றால் சி டிரைவ் நிறைந்த அன்றைக்கு முதலில் அதைத்தான் காலிசெய்வார்கள்.

> ‘பதுக்ககம்’ சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான். ஆனால் எங்கள் பக்கம் பதுக்கல் என்றால் ரேஷன் அரிசி ஞாபகம்தான் வரும். வேண்டாம்.

பெயர் வைப்பதற்கு முன் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். மார்க் கிறிஸ்பின் 1994இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 1733 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அஞ்சல் பயன்பாட்டை மூன்றாகப் பிரிக்கிறது. மடல்களை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுவது ஆஃப்லைன். எல்லாவற்றையும் சர்வரிலேயே வைத்துக் கையாள்வது ஆன்லைன். மூன்றாவது, வேண்டியதற்குக் கேஷ் நகல் எடுத்துக்கொண்டு இணைப்பை விடுவது, பிறகு வந்து சரிபார்த்துக்கொள்வது. இதை அவர் துண்டித்த நிலை என்கிறார். இன்று நிரல்களில் ஆஃப்லைன் என்று எழுதியிருப்பது இந்த மூன்றாவதைத்தான். அதாவது ஆங்கிலப் பெயரே முதல் வகையோடு குழம்பிக் கிடக்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் குழப்பமும் கூடவே வரும்.

மூன்றாவது வகையில் மூலம் சர்வரில் இருக்கிறது, நகல் நம் கணினியில் இருக்கிறது. பயனருக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். அலுவலகத்தில் கேட்கிற கேள்வியும் அதுவே: “சார், அந்த மெயில் சிஸ்டத்துல இருக்கா, சர்வர்ல இருக்கா?”

அவுட்லுக்கில் இது ‘கேஷ் செய்த நிலை’ என்று 2003 பதிப்பில் வந்தது. நகல் நம் கணினியில் ஓ.எஸ்.டி. (.ost) என்ற கோப்பில் உட்காரும். எத்தனை மாத மடல் இறங்கவேண்டும் என்று நகர்த்தும் ஸ்லைடர் 2013 பதிப்பில் சேர்ந்தது. ஓரளவு இடமுள்ள வட்டு என்றால் அது வழக்கமாக 12 மாதத்தில் நிற்கும். அதற்கு முந்தையவை சர்வரில் பத்திரமாக இருக்கும், ஆனால் இணைப்பு இல்லாதபோது கிடைக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் இணையம் இல்லை. மின்சாரம் வந்தும் கேபிள் வராத ஓர் அலுவலகத்தில் முந்தின ஆண்டு மடலைத் தேடி, யாரோ அழித்துவிட்டார்கள் என்று பெரிய சண்டையே நடந்தது. ஒருவரும் அழிக்கவில்லை. ஸ்லைடர் செய்த வேலை. இன்னொன்று: அந்த ஸ்லைடர் மடல்களுக்கு மட்டும், நாட்காட்டி, தொடர்புகள் முழுதாகவே இறங்கும். ஆகவே தலைப்பில் ‘மடல்’ என்ற சொல் இருந்தாக வேண்டும்.

தண்டர்பேர்டில்தான் ஆபத்து அதிகம். ஐமேப் (மடல்களைச் சர்வரிலேயே வைத்துக் கையாளும் முறை) கணக்கின் ஒரே அமைப்புப் பக்கத்தில் இரண்டு அமைப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, சமீபத்திய இத்தனை நாள் மடல்களை மட்டும் இறக்கு என்பது. அதனால் சர்வருக்கு ஒன்றும் ஆகாது. அதற்குக் கீழே பழைய மடல்களை நீக்குவது பற்றிய பகுதி. அது சர்வரில் உள்ள மூலத்தையும் சேர்த்தே நீக்கும். இரண்டுக்கும் ‘சேமிப்பு’, ‘நீக்கு’ என்று பொதுவாகப் போட்டுவிட்டால் வட்டில் இடம் பிடிக்கப் போனவர் சரக்கு ஆவணத்தையே தொலைப்பார்.

‘கையிருப்பு’ என்று வந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. கடைக்காரர் சொல், எல்லாருக்கும் தெரியும். ஆனால் கையிருப்பு தீர்ந்தால் சரக்கே இல்லை என்று பொருள். இங்கே தீர்ந்தாலும் சர்வரில் இருக்கிறது. அதனால் ‘கைவச நகல்’ என்கிறேன். மூலப்பத்திரம் வங்கியில் இருக்க, வீட்டில் நகல் வைத்திருப்பது போல. இதன்படி:

கேஷ் செய்த நிலை: கைவச நகல் முறை
ஸ்லைடர்: எவ்வளவு காலத்து மடல்கள் கைவசம் இருக்கட்டும்?
தண்டர்பேர்டின் கீழ்ப்பகுதி: சர்வரிலிருந்தும் நிரந்தரமாக நீக்கு

கணினியின் பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. அது வேறு பொருள், வேறு வாசகர். ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக ஒரே தமிழ்ச்சொல்லில் கட்டிப்போட வேண்டியதில்லை.

– தண்டையார்பேட்டையிலிருந்து

*

தம்பி, வணக்கம்.

கைவசம் நல்ல சொல். நகலில்தான் எனக்குத் தயக்கம். நகல்தானே என்று ஓ.எஸ்.டி. கோப்பைத் தூக்கிப் போடுவார்கள். சர்வரிலிருந்து திரும்பக் கட்டிக்கொள்ளும், உண்மை. ஆனால் இணைப்பு இல்லாதபோது எழுதி, அவுட்பாக்ஸில் அனுப்பாமல் கிடக்கும் மடலுக்குச் சர்வரில் ஏது மூலம்? அதுவும் சேர்ந்து போய்விடுமே. கோப்புறை மாற்றியது, கொடியிட்டது கூட ஒத்திசையாமல் இருந்தால் போச்சு. உங்கள் பெயர் அந்தப் பகுதியை மறைக்கிறது.

– பெரம்பூரிலிருந்து

*

ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அதைப் பெயரிலேயே திணித்தால் பெயர் சுமக்காது. ‘நிலுவை’ என்ற சொல்லைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. கோப்பை நீக்கும்முன் வரும் எச்சரிக்கையை இப்படி வைக்கலாம்:

“சர்வருக்குப் போகாத நிலுவை மடல்களும் மாற்றங்களும் இந்தக் கோப்பில் மட்டுமே இருக்கலாம். நீக்கினால் அவை திரும்பக் கிடைக்காது.”

கோப்பைச் சுருக்கும் பொத்தானுக்கு ‘இடத்தை மீட்டெடு’ என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள், அதற்கு என் ஓட்டு உண்டு. ஸ்லைடரைக் குறைத்த கையோடு ஓ.எஸ்.டி. கோப்பு சிறுத்துவிடாது, அந்தப் பொத்தானை அழுத்தினால் வட்டில் இடம் திரும்ப வரும், பெயரும் அதையே சொல்கிறது. ‘ஒர்க் ஆஃப்லைன்’ பொத்தான்தான் இன்னும் இழுக்கிறது. ‘இணைப்பின்றிப் பணிசெய்’ என்றால் பொருள் சரி, பொத்தானில் அடங்கவில்லை. ‘இணைப்பை விடு’ என்று எழுதிப் பார்த்தேன், வை-ஃபையே நின்றுவிடும் என்று படிக்கிறவர் நினைக்க இடமிருக்கிறது. யாரிடமாவது பொத்தானில் அடங்கும் சொல் இருந்தால் அனுப்புங்கள்; மற்ற வரிகளை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றத் தொடங்குகிறேன்.