மறு: ஃபெயில்ஓவருக்குத் தமிழ் – பொறுப்பேற்பா, மதலையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிணையச் சேமிப்பகக் கையேட்டை வெள்ளி மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். மடல்கள் 40-ஐத் தாண்டிவிட்டன, ஒரு வழங்கி (சர்வர்) செயலிழந்தால் மாற்று வழங்கி தானாகவே அதன் வேலையை ஏற்பதைக் குறிக்கும் ஃபெயில்ஓவருக்கே இன்னும் தமிழ்ச் சொல் அமையவில்லை.

> தோல்விமாற்றம் என்றே போடலாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறதே.

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் வழங்கி ‘தோற்றது’ என்று யார் சொல்கிறார்கள்? ‘விழுந்துவிட்டது’ என்றுதானே சொல்கிறோம். முதல் வழங்கியின் இதயத்துடிப்பு (‘இயங்குகிறேன்’ என்று அது விடாமல் அனுப்பும் குறிப்பு) நின்றதும் இரண்டாவது வழங்கி வட்டை ஏற்றுக்கொண்டு, கோப்புச் சேவையைத் தொடங்கி, இரண்டுக்கும் பொதுவான ஐபி முகவரியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறது. போன வாரம் கேபிளைப் பிடுங்கிச் சோதித்தேன். கோப்பு ஏறிக்கொண்டிருந்த திரை சில நொடிகள் அப்படியே நின்றது, அப்புறம் விட்ட இடத்திலிருந்தே நகர்ந்தது. இதற்குப் ‘பொறுப்பேற்பு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பராமரிப்புக்காக நாமே மாற்றினால் பொறுப்பு மாற்றம்; பழையது எழுந்து வந்து திரும்ப வாங்கிக்கொண்டால் பொறுப்பு மீட்பு. ‘கைமாற்று’ அழகுதான், ஆனால் ‘தானியங்கிக் கைமாற்று’ என்றால் யாரோ கடன் கொடுப்பதாகத்தான் படிப்பார்கள்.

‘மதலை’யை (தாங்கும் தூண், பற்றுக்கோடு) முன்வைத்த ஐயாவுக்கு: நாலடியாரில் ‘சிதலை தினப்பட்ட ஆல மரத்தை மதலையாய்’ விழுது ஊன்றித் தாங்குகிறதே, அதைப் படித்தபோது எனக்கும் சிலிர்த்தது. கறையான் தின்ற அடிமரம், அதே மரத்தின் விழுது, தந்தை தளர்ந்தால் மகன். மாற்று வழங்கிக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது. ‘மதலையாஞ் சார்பிலார்க்கு இல்லை நிலை’ என்று குறளும் துணைக்கு வருகிறது. ஆனாலும் இன்று மதலை என்றால் குழந்தை. இரவு 2 மணிக்கு விழுந்த வழங்கி முன் உட்கார்ந்திருப்பவர் அகராதியைத் தேடக் கூடாது. முன்னுரையில் உவமையாக வைக்கிறேன், கட்டளைப் பக்கத்தில் வேண்டாம்.

அடுத்தது ரெப்ளிகேஷன், அதாவது ஒரு வழங்கியின் வட்டில் எழுதுவதை மற்றதன் வட்டிலும் எழுதுவது. ‘நகலாக்கம்’ என்றதற்கு வந்த மறுப்பு இது:

> நகல் அரபுச் சொல். படியாக்கம் என்க.

நகல் உருது வழி வந்ததை மறுக்கவில்லை. வடமொழி எழுத்தை நீக்கச் சொல்லும் தொல்காப்பியத்தின் ‘வடவெழுத்து ஒரீஇ’ என்ற விதி இதற்கும் பொருந்துமா என்று நேற்று மட்டும் 9 மடல்கள்! என் கவலை வேறு. நகல் என்றதும் படிப்பவர் காப்புநகல் (பேக்கப்) என்று எண்ணிவிடுவார். ரெப்ளிகேஷன் காப்பு அல்ல. இங்கே தவறுதலாக அழித்த கோப்பு அடுத்த கணம் அங்கேயும் அழியும். ‘படி’யிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதனால்தான் ‘உடன்படி’ என்று கேட்டேன். இந்த வேலையைச் செய்யும் டிஆர்பிடி மென்பொருளின் சி நெறிமுறையில் இரண்டு வட்டுகளிலும் எழுதி முடித்த பிறகே ‘எழுதியாயிற்று’ என்ற பதில் வரும். இருவரும் உடன்பட்ட பிறகே கையெழுத்து, அதாவது உடன்படிக்கையேதான். ஏ நெறிமுறை அவ்வளவு பொறுப்பதில்லை, தன் வட்டில் எழுதி, அனுப்பும் வரிசையில் போட்டதுமே பதில் சொல்லிவிடும். அங்கே என் சொல் உடைகிறது என்று தோழி காட்டியது சரி. விட்டுவிட்டேன்.

ஸ்ப்ளிட்-பிரெயினுக்கு ‘இருதலைநிலை’ யாருக்கும் உறுத்தவில்லை. அகநானூற்று ‘இருதலைப் புள்’ளுக்கு உயிர் ஒன்று. இங்கே பிணையம் அறுந்ததும் இரண்டு தலையும் ‘நானே முதல்வன்’ என்று தனித்தனியே எழுதத் தொடங்கிவிடும், அப்புறம் தரவை ஒன்றுசேர்ப்பது பெரும்பாடு. மூன்றாவதாக ஒரு வாக்கு வேண்டும் என்பது இதனால்தான். முடிவெடுக்கத் தேவையான அந்தக் குறைந்தபட்ச வாக்கு எண்ணிக்கைக்கு, அதாவது குவோரத்துக்கு, ‘குறைவெண்’ என்று வைத்திருக்கிறேன். கூட்டங்களில் புழங்கும் சொல், புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

இப்போதைய நிலவரம்: பொறுப்பேற்புக்கு 7 பேர், தோல்விமாற்றத்துக்கு 2 பேர். நகலாக்கத்துக்கு 5, படியாக்கத்துக்கு 4. நகலாக்கம் என்றே அனுப்புகிறேன், மனம் ஒப்பவில்லை. படியாக்கக்காரர்கள் வியாழன் இரவுக்குள் காப்புநகலோடு குழம்பாத ஒரு சொல்லைத் தந்தால் கோப்பு முழுவதும் மாற்றித்தருகிறேன், எனக்கு அரை மணி நேர வேலைதான்.