பாத்ரூமில் பொம்மை வைக்கலாமா, கூடாதா?

மழைத்துளி:
மகளுக்கு 2 வயது ஆகப் போகிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் வீடே அதிரும்படி அழுகிறாள். அதனால் பாத்ரூமிலேயே ஒரு கூடை நிறைய பொம்மை வைத்து, டப்பில் ஒட்டி உட்கார வைக்கும் குளியல் இருக்கை ஒன்றும் வாங்கலாமா என்று யோசனை. மாமியாரோ, "பாத்ரூம் என்றால் பிள்ளைக்குப் பயம் இருக்கட்டும், அதுதான் நல்லது" என்கிறார். யார் சொல்வது சரி?

கறார்பேர்வழி:
நான் உங்கள் மாமியார் கட்சி. பொம்மைக் கூடையை உள்ளே வைத்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் "வா, வந்து விளையாடு" என்று குழந்தையைக் கூப்பிடுவது போலத்தான். இந்த வயதில் உடம்பு அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் கிடக்கும் பொம்மையை எட்டி எடுக்கப் போய்த் தலைகுப்புற விழுந்தால், ஊன்றி எழுந்து வர வழியே இல்லை. மூக்கும் வாயும் மூழ்க 5 செ.மீ. தண்ணீர் போதும். கத்தவும் முடியாது என்பதால் பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. குளித்தோமா, துவட்டினோமா, வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்தினோமா என்று இருக்க வேண்டும்.

நுரைப்பூ:
வாளியைக் கவிழ்ப்பது சரி. பயத்தை வளர்ப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சோப்புப் பூசிய உடம்பு, ஈர டைல்ஸ், துள்ளுகிற பிள்ளை. என் மகன் அப்படித்தான் என் கையிலிருந்து நழுவி முன்பல்லை உடைத்துக்கொண்டான். அவன் விளையாடவில்லை, பயந்து திமிறினான்.

அப்புறம் முறையை மாற்றினேன். ஒரு சின்னக் குவளையை அவன் கையில் கொடுத்து, முதலில் என் காலில் ஊற்றச் சொன்னேன். பிறகு அவன் கால், தோள், கடைசியில்தான் தலை. "இப்போ ஊத்தப் போறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவேன். மடித்த துண்டை அவனே நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொள்வான். மேலே ஒரு மீன் படம் ஒட்டியிருக்கிறேன், அதை அண்ணாந்து பார்த்தால் ஷாம்பு கண்ணுக்கு வராது. மூன்று வாரம் பிடித்தது, என் உடையும் தினம் நனைந்தது.

கறார்பேர்வழி:
நடுவில் போன் அடித்தால்?

நுரைப்பூ:
போனை உள்ளே கொண்டுபோவதில்லை. காலிங் பெல் அடித்தால் பிள்ளையைத் துண்டில் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். பெரியவனை "பார்த்துக்கோ" என்று விட்டுப் போவதும் கிடையாது. அவனே குழந்தை.

குழாய்க்காரன்:
பிளம்பிங் வேலை பார்ப்பவன் என்பதால் ஒரு வார்த்தை. இரண்டு பேரும் மூழ்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள், சுடுதண்ணீரை மறந்துவிட்டீர்கள். 60 டிகிரித் தண்ணீர் பட்டால் பெரியவர்கள் தோலே சுமார் 5 விநாடியில் வெந்துவிடும், குழந்தைத் தோல் அதற்கும் முன்பே. 49 டிகிரியில் அதே காயம் பட நிமிடக்கணக்கு ஆகும், கையை இழுக்க நேரம் கிடைக்கும். அதற்காகத் தொட்டியுள்ள கீசரின் சூட்டை ஒரேயடியாகக் குறைத்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளர இடம் கொடுத்ததாகிவிடும். கீசர் 60இல் இருக்கட்டும், குழாய்க்கு வரும் இடத்தில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு போடுங்கள். வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், சுடுதண்ணீர் அப்புறம். 37, 38 டிகிரி போதும், முழங்கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, உள்தாழ்ப்பாள். குழந்தை உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் அலற, நான் போய்க் கதவைப் பெயர்த்தது ஒன்றிரண்டு தடவை இல்லை. கீழே இருந்தால் கழற்றி மேலே மாட்டுங்கள்.

மழைத்துளி:
அப்போ அந்த இருக்கை?

கறார்பேர்வழி:
வேண்டவே வேண்டாம். அடியில் ஒட்டும் ரப்பர் கப் பிடி விட்டால் இருக்கையோடு கவிழும், கால் மாட்டிக்கொண்டு பிள்ளையால் வெளியே வர முடியாது. உட்காரத்தான் அது, காவலுக்கு இல்லை. அதை நம்பி நீங்கள் துண்டு எடுக்கத் திரும்புவீர்கள், அதுதான் பெரிய ஆபத்து.

நுரைப்பூ:
இதில் மட்டும் நானும் கறார் கட்சி.

கறார்பேர்வழி:
பொம்மைக்கும் வருகிறேன். அடியில் ஓட்டை உள்ள ரப்பர் வாத்தை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே கருகருவென்று பூஞ்சை. 2018இல் சுவிஸ், அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் கட்டுரையே எழுதினார்கள். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளை முகத்தில் பீய்ச்சிக்கொள்கிறது.

நுரைப்பூ:
வாத்து எதற்கு? ஒரு குவளை, ஒரு பழைய வடிகட்டி, ஒரு புனல். குளித்து முடித்ததும் மூன்றையும் வெளியே ஆணியில் மாட்டினால் காய்ந்துவிடும், உள்ளே கூப்பிடவும் எதுவும் இருக்காது.

கறார்பேர்வழி:
வெளியே என்றால் சரி. ஆசிட், பிளீச்சிங் பவுடர் எல்லாம் பூட்டி வையுங்கள். குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்கும் வேலையே வேண்டாம்.

மழைத்துளி:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இருக்கை வாங்கவில்லை. மகள் இப்போது குவளையும் கையுமாகப் பாட்டி காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், மாமியாரும் கட்சி மாறிவிட்டார். தலைக்கு மட்டும் இன்னும் அழுகைதான். கதவின் வெளித்தாழ்ப்பாளையும் மேலே ஏற்றினோம், இப்போது அது மாமியாருக்கு எட்டவில்லை.

குழாய்க்காரன்:
அவர் கைக்கு எட்டுகிற அளவுக்கு இறக்குங்கள். ஸ்டூலை மட்டும் பிள்ளை கண்ணில் படாமல் வையுங்கள்.