வண்டி மக்கர் பண்ணிய கதைகள், உங்களிடமும் இருக்கிறதா?

ஹைதராபாத்தில் வேலை பார்த்தபோது என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. மழை தூறினால் போதும், கிளம்பாது. சார்மினார் பக்கம் உருது பேசும் மெக்கானிக் ஒருவரிடம் தள்ளிக்கொண்டு போய், என் அரைகுறை இந்தியில் "காடி மக்கர் கர்தி ஹை" என்றேன். ஊரில் சொல்கிற பழக்கத்தில் வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "யார் உங்களை ஏமாற்றினார்கள்?" என்றார். உருதுவில் மக்ர் என்றால் வஞ்சகம், பாசாங்கு. மக்கார் என்றால் ஏமாற்றுக்காரன். அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த சொல். அப்புறம் வண்டியை ஒரு பக்கம் நன்றாகச் சாய்த்து நிமிர்த்தி, ஒரே உதை. கிளம்பிவிட்டது! ஆக, அத்தனை நேரமும் நடிப்புதான். உடைந்துபோன எதையும் இப்போது நான் மக்கர் என்பதில்லை. முடிந்தும் செய்யாமல் கிடப்பதுதான் மக்கர்.

*

அதே அதே. எங்கள் ஈரோட்டுப் பக்கம் சண்டித்தனம் என்போம். தாத்தாவிடம் ஒரு சண்டிமாடு இருந்தது. நுகத்தடியைக் கழுத்தில் வைத்ததும் படுத்துவிடும். தீவனக் கூடையைப் பார்த்தால் முதல் ஆளாக எழுந்துவிடும். மாடு போய் மோட்டார் வந்தது, பேச்சு மாறவில்லை. கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் குப்பை சிக்கித் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் சும்மா ஓடும், ஒரு சொட்டு ஏறாது. "சண்டித்தனம் பண்றியா நீ?" என்று அதனிடமே கேட்டபடி குடம் குடமாக ஊற்றுவார் அப்பா.

*

ரிப்பேரை விட்டுவிட்டீர்களே! வெளிநாட்டு மேலாளருக்கு "ஏசி ரிப்பேர்" என்று ஒரு வரி மெயில் போட்டேன். உடனே நன்றி சொல்லிப் பதில் வந்தது. அவர் ஊரில் ரிப்பேர் என்றால் சரிசெய்வது. நம் ஊரில் கெட்டுப்போவதே ரிப்பேர். இரண்டு நாள் வியர்த்துக் கொட்டியது.

*

அப்பா அரசு ஜீப் டிரைவர். இனி ஓட்ட லாயக்கில்லை என்று எழுதிக் கழித்த வண்டியை 'கண்டம் ஆனது' என்பார்கள்; ஆங்கிலக் 'கண்டெம்' தேய்ந்த தேய்வு. ஒரு நாள் சோர்ந்துபோய் வந்து, "கண்டம் ஆயிடுச்சு" என்றார். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஜோசியர் சொல்லும் கண்டம். விடிந்ததும் கோயிலுக்கு ஓடி, அவர் பெயர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை வைத்துவிட்டு வந்தார். ஜீப்புக்கு நட்சத்திரம் கிடையாது என்று அப்பா வாய் திறக்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது.