டி.எம்.எஸ். பாடல் பட்டியல்: ஒரே பதிவா, வேறு பதிவா?

செல்லூர்க்காரன்:
நம் மதுரையில் 1922-இல் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனின் இசைத்தட்டுகளையும், கச்சேரிகளில் பதிவாகி இதுவரை வெளிவராத ஒலிநாடாக்களையும் பட்டியலிட்டு வருகிறேன். ஒரே பாடல் இரு தட்டுகளில் இருந்தால், அவை ஒரே பதிவுதானா என்று எப்படி அறிவது?

தல்லாகுளம் ரசிகை:
ஐயா, லேபிளில் பெரிதாக அச்சிட்டிருப்பது விற்பனைக்கான எண்; அதை மட்டும் நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில், ஒலி பதிந்த பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான இடத்தைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால், அந்தப் பக்கத்துக்கே உரிய பதிவு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் பின்னொட்டு மாறினால் அது வேறொரு முறை பாடியதாக இருக்கலாம்.

வடக்குமாசி வீதி:
படம் வெளியான ஆண்டைப் பதிவான ஆண்டாக எழுதிவிடாதீர்கள். ‘கிருஷ்ண விஜயம்’ வந்தது 1950, அவர் பாடியது அதற்கு முன்பு. நாடா உறையில் கண்டதை அப்படியே எழுதி, ஊகத்தைத் தனியே குறியுங்கள். என்னிடமுள்ள நாடாவில் ‘தெப்பம், இரண்டாம் நாள்’ என்று பென்சிலில் இருக்கிறது, ஆண்டுதான் இல்லை.

செல்லூர்க்காரன்:
நன்றி. இன்றிரவே டார்ச் விளக்கோடு உட்காருகிறேன்.