எங்கட ஆக்கள் லண்டன் 🏠

தர்சி: இல்போர்ட் வீட்டுத் திறப்பு கிடைச்சிட்டுது 🙏 ஒரு கேள்வி. படிக்குக் கீழ ஸ்மாட் மீற்றர் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கு, நாங்கள் ஏதும் செய்யோணுமோ இல்லாட்டி அது தன்ர பாட்டில கொம்பனிக்கு ரீடிங் அனுப்புமோ

வசந்தி மாமி: சந்தோசம் பிள்ளை. பால் காய்ச்சாமல் ஒருத்தரும் அங்க படுக்க வேண்டாம்

ரவி சித்தப்பா: திறப்பு எடுக்கப் போறியள் எண்டே எங்களுக்குத் தெரியாது. சரி பரவாயில்லை

கஜன்: சித்தப்பா முதல் முதல் இங்கதான் போட்டது

ரவி சித்தப்பா: மீற்றர் ரீடிங் அனுப்பும் ஆனா வீட்டில ஆள் மாறினது அதுக்குத் தெரியாது, அதால கரண்ட் காஸ் ரெண்டையும் இண்டைக்கே போட்டோ எடுங்கோ, ஸ்கிரீன் இருட்டா இருந்தா ஒரு பட்டனை அமத்த நம்பர் வரும், நீங்கள் ஒண்டிலயும் சைன் வைக்காட்டிலும் வித்தவையின்ர கொம்பனிதான் இப்ப உங்களுக்கும் கரண்ட் தருது, வீடு உங்கட கைக்கு வந்த நாளில இருந்து பில் உங்கடை, பிறகு வேற கொம்பனிக்கு மாறினா எக்ஸிட் பீஸ் எண்டு விட்டுப்போற காசு கட்டத் தேவையில்லை

கிளி பெரியம்மா: ஐயருக்கு ஆர் சொன்னது

தர்சி: எந்தக் கொம்பனி எண்டே தெரியேல்ல

ரவி சித்தப்பா: கரண்டுக்கு யூகே பவர் நெட்வர்க்ஸ் (இங்க கரண்ட் லைன் பாக்கிற ஆக்கள்) வெப்சைட்டில பாருங்கோ, காஸுக்கு பைண்ட் மை சப்ளையர் எண்ட வெப்சைட்

தர்சி: மற்றது கரண்ட் எவ்வளவு ஓடுது எண்டு காட்டிற அந்தக் குட்டி டிஸ்பிளேயைக் காணேல்ல. கொண்டு போட்டினம் போல

வசந்தி மாமி: பல்பையும் கழட்டியிருப்பினம்

கஜன்: குசினிக் கதவுப் பிடியும் இல்லை மாமி

ரவி சித்தப்பா: கொண்டு போயும் பிரியோசனம் இல்லை, அது அந்த வீட்டு மீற்றரோட சோடி சேர்த்தது. ஏஜென்டிட்ட சொல்லித் திருப்பி வாங்குங்கோ. கொம்பனியைக் கேட்டா சிலவேளை காசு கேப்பினம். அது இல்லாட்டியும் மீற்றர் ஓடும்

சுதன்: மச்சாள் ப்ரீபேயோ, முதலே காசு போட்டுப் பாவிக்கிற மீற்றரோ எண்டும் பாருங்கோ. நான் வாடகைக்குப் போன வீட்டில 20 பவுண்ட் போட்டா 12தான் ஏறினது. முந்தி இருந்தவன்ர கடன் வெட்டுப்படுது

தர்சி: ஐயோ

ரவி சித்தப்பா: அதுக்குத்தான் டொப்-அப் போட முதல் போன் எடுத்துப் பேர் மாத்தோணும். முந்தின ஆக்களின்ர கடன் உங்கடை இல்லை. ஈஸ்ட்ஹாம் வீட்டுக்கும் பெரியண்ணைக்கு இதைத்தான் சொன்னனான், கேட்டவரே

பெரியப்பா: அதை இப்ப ஏன் இழுக்கிறாய்

கிளி பெரியம்மா: அவர் அந்தக் காசைத் திருப்பி எடுத்திட்டார்

ரவி சித்தப்பா: பாதி

சுதன்: 😂😂

கஜன்: அரை மணித்தியாலக் கணக்கு கொம்பனிக்குப் போகுதாமே. நாங்கள் எப்ப குளிக்கிறம் எண்டும் தெரியுமோ

பெரியப்பா: நீ குளிச்சாத்தானே

ரவி சித்தப்பா: விருப்பமில்லாட்டி நாளுக்கு ஒருக்கா எண்டு மாத்தலாம், போன் எடுக்கேக்க அதையும் சொல்லுங்கோ. இன்னொண்டு, பழைய மொடல் மீற்றர் எண்டா கொம்பனி மாத்தேக்க சிலது ரீடிங் அனுப்பாமல் ஊமையாப் போயிடும், பிறகு நீங்கள்தான் மாசாமாசம் ரீடிங் குடுக்கோணும், அவசரப்பட்டு மாத்தாதேங்கோ

சுதன்: இல்லை மச்சாள் உடன மாத்துங்கோ, கனபேர் மாத்தினவை ஒண்டும் ஆகேல்ல

ரவி சித்தப்பா: இவருக்குத் தெரியும்

வசந்தி மாமி: அடுப்பு காஸோ

தர்சி: இன்டக்‌ஷன் மாமி. காஸ் ஹீட்டிங்குக்கு மட்டும்தான்

வசந்தி மாமி: அதில மண்பானை சூடாகாது. பால் எப்பிடிப் பொங்கும்

கிளி பெரியம்மா: கார்டனில மூண்டு கல் வைப்பம்

பெரியப்பா: மழை எண்டு போட்டிருக்கு

கஜன்: சில்வர் பானை காணாதோ

வசந்தி மாமி: காணாது

தர்சி: வெள்ளியோ ஞாயிறோ எண்டு முதல் சொல்லுங்கோ. கஜன் நீங்கள் கொம்பனிக்குப் போன் எடுங்கோ

கஜன்: நான் வேலையில. நீர் எடும்

ரவி சித்தப்பா: ஆரோ ஒராள் எடுங்கோ. ரீடிங் போட்டோவை இங்க போடாதேங்கோ, கொம்பனிக்கு அனுப்புங்கோ

சுதன்: என்னட்ட காம்பிங் அடுப்பு இருக்கு மாமி. சிலிண்டர்தான் முடிஞ்சுது