டான்பாஸ் 2014: அந்த டாங்கி எங்கிருந்து வந்தது?

ஊர்சுற்றி:
நண்பனோடு மூன்று நாளாக மல்லுக்கட்டு. கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் பகுதிக் கிளர்ச்சியாளர்களுக்கு 2014இல் ரஷ்யா ரகசியமாக ஆயுதம் கொடுத்தது என்கிறேன். "உக்ரைனிடம் இருந்ததும் சோவியத் சாமான்தானே, கிடங்கை உடைத்து எடுத்திருப்பார்கள்" என்கிறான். என்ன பதில் சொல்ல?

பட்டறைக்காரன்:
பதினோரு வருடம் டி-72 டாங்கி பழுதுபார்த்தவன் நான். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. டி-64 படத்தைக் காட்டினால் ஒன்றும் நிரூபணமாகாது, உக்ரைன் படையிடம் அதிகம் இருந்ததே அதுதான். கலாஷ்னிகோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அந்த ஆகஸ்டில் சண்டை நடந்த இலோவைஸ்க் ஊர்ப் பக்கம் வந்தது டி-72பி3, ரஷ்யா புதுப்பித்த டி-72 வகை. கோபுரத்தில், பீரங்கிக்கு இடப்பக்கம், சோஸ்னா-யு குறிபார்க்கும் கருவியின் பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும். நான் கைவைத்த எந்த வண்டியிலும் அது கிடையாது. ரஷ்யப் படைக்கே அது புதுசு, அப்போது வெளிநாட்டுக்கு விற்றதும் இல்லை. உக்ரைன் கிடங்குக்கு எப்படிப் போகும்? (மங்கலான படங்களை நம்பாதீர்கள். சாதாரண டி-72பியைப் பார்த்து பி3 என்று சாதித்து நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.)

குறுக்குக்கேள்வி:
டாங்கி வந்தது சரி. ஓட்டியது ராணுவம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? விடுப்பில் வந்த தன்னார்வலர்கள் என்று கிளர்ச்சித் தலைவர் ஜகார்சென்கோவே சொன்னாரே.

பட்டறைக்காரன்:
நியாயம். அதற்கு இரும்பு போதாது, ஆள் வேண்டும். அதே மாதம் 10 ரஷ்ய பாராசூட் வீரர்கள் உக்ரைனுக்குள் பிடிபட்டார்கள். தன் ஆட்கள் இல்லை என்று மாஸ்கோ சொல்லவில்லை, வழிதவறி எல்லை தாண்டிவிட்டார்கள் என்றது. பத்துப் பேருமா!

அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்த மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்17 வழக்கையும் பாருங்கள். அதைச் சுட்ட பக் ஏவுகணை வண்டியின் பக்கவாட்டு உறை, மேலே எழுதிய குறிகள் எல்லாவற்றையும் படம்படமாக ஒப்பிட்டு, அது குர்ஸ்கிலுள்ள ரஷ்யாவின் 53ஆவது படைப்பிரிவுடையது என்று 2018இல் நெதர்லாந்து தலைமையிலான பன்னாட்டுக் கூட்டு விசாரணைக் குழு சொன்னது. எங்கள் பட்டறையிலும் எண்ணைப் பார்க்காமல் நசுங்கலை வைத்தே வண்டியைச் சொல்லிவிடுவோம். 2014 மே நடுவிலிருந்தே டோனெட்ஸ்க் கிளர்ச்சியாளர்கள் ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள் என்று 2022இல் நெதர்லாந்து நீதிமன்றமும் தீர்ப்பு எழுதியது.

ஊர்சுற்றி:
கிடங்குக் கதையை விட்டுவிட்டான். "ஆப்கானில் அமெரிக்கா செய்யாததா" என்கிறான் இப்போது.

பட்டறைக்காரன்:
செய்ததுதான். சோவியத் படையை எதிர்த்த ஆப்கான் போராளிகளுக்கு, தங்கள் கை தெரியக்கூடாதென்று சோவியத் வகைத் துப்பாக்கிகளையே எகிப்திலும் சீனாவிலும் வாங்கிக் கொடுத்தார்கள். 1986இல் தோளில் வைத்து விமானத்தைச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை இறங்கியதும் மறைக்க வழியில்லை, அது அமெரிக்காவின் சொந்தச் சரக்கு. பி3யும் அப்படி மாட்டிக்கொண்டதுதான்.