ஸ்மார்ட் கீ (பாக்கெட்ல இருந்தாலே கார் கதவு தொறக்கற சாவி) செல் தீர்ந்து வண்டி முன்னாடி முழிச்ச அனுபவம் யாருக்காச்சும் இருக்கா? இங்க போடுங்க

நான் முதல்ல ஆரம்பிக்கறேன். டிசம்பர் லீவுக்கு குடும்பத்தோட ஊட்டி போயிருந்தோங்க. ராத்திரி லாட்ஜ்ல வண்டிய லாக் பண்ணும்போது ரிமோட் நல்லாத்தான் வேலை செஞ்சுது, விடிகாலைல கெளம்பலாம்னு வந்து கைப்பிடில இருக்கற பட்டன அமுக்குனா சத்தமே இல்ல, ரிமோட்ட அமுக்குனாலும் அந்த சின்ன செவப்பு லைட் கூட எரியல, மச்சான் உடனே டோயிங் வண்டிக்கு போன் போடவான்னு ஆரம்பிச்சுட்டாரு. லாட்ஜ் வாட்ச்மேன் முன்னாடி டாக்ஸி ஓட்டுனவராம், "குளிருக்கு செல் படுத்துருச்சு சார், இங்க குடுங்க"ன்னு வாங்கி ஓரத்துல இருந்த குட்டி லாட்ச்ச தள்ளி உள்ள இருந்து ஒரு இரும்புச் சாவிய உருவுனாரு. அதப் போட்டு கதவத் தொறந்ததும் அலாரம் அலறுன அலறல்ல மூணு ரூம்ல லைட் போட்டுட்டாங்க. அவரு அலட்டிக்கவே இல்ல, "பிரேக்க மிதிச்சுக்கிட்டு சாவியாலயே ஸ்டார்ட் பட்டன அமுக்குங்க"ன்னாரு. வண்டி ஸ்டார்ட் ஆச்சு, அலாரமும் நின்னுச்சு. செல் செத்த சாவி எப்படிங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணுது?

-----

அண்ணே நான் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பாக்குறேன், சொல்றேன். அந்த சாவிக்குள்ள ரெண்டு தனித்தனி சமாச்சாரம் இருக்கு. நீங்க கைப்பிடிய தொட்டதும் வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு சிக்னல் விடும், சாவி அதக் கேட்டு 433 மெகாஹெர்ட்ஸ்ல பதில் சொல்லும், பதில் சொல்லத்தான் செல் வேணும். இம்மொபைலைசர் சிப், அதாவது சரியான சாவி இல்லாம வண்டிய ஸ்டார்ட் ஆக விடாத சமாச்சாரம், அது வேற. அதுக்கு செல்லே தேவையில்ல, பட்டன் பக்கத்துல இருக்க காயில்ல (கம்பிச் சுருள்) இருந்து வர்ற கரண்ட்லயே முழிச்சுக்கும், மெட்ரோ கார்டு தட்டுற மாதிரிதான். அதனாலதான் ஒட்டி வெச்சாத்தான் வேலை செய்யும், பாக்கெட்டுக்குள்ள இருந்தா செய்யாது. எங்க வைக்கணும்ங்குறது வண்டிக்கு வண்டி மாறும். டொயோட்டால லோகோ இருக்க பக்கத்த பட்டன்ல தொடணும், ஹூண்டாய்ல சாவியாலயே பட்டன அமுக்கலாம், ஃபோக்ஸ்வேகன்ல ஸ்டியரிங் தண்டு கவர் ஓரமா பிடிக்கணும், சில வண்டில கன்சோலுக்குள்ள தனி பள்ளமே விட்டிருப்பான். மேனுவல் வண்டின்னா கிளட்ச்ச மிதிக்கணும். நெறைய பேரு சாவித் துவாரமே இல்லன்னு போன் பண்ணுவாங்க, டிரைவர் பக்கத்து கைப்பிடில ஒரு மூடி இருக்கும் பாருங்க, அதக் கழட்டுனா துவாரம் உள்ள இருக்கும்.

-----

எங்க கதை தென்காசி பக்கம், ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தப்போ. ஞாயித்துக்கிழமை, ஒரு கடை தொறக்கல. இவங்க சாவிய பிரிச்சுப் பாத்தா சிஆர் 2032 செல்லு. எனக்கு டக்குனு ஞாபகம் வந்துச்சு, மாமாவோட சுகர் பாக்குற மெஷின்லயும் இதே செல்லுதான்! கழட்டி மாத்துனோம், கதவு 'டக்'குனு தொறந்துச்சு. மாமாவுக்குத்தான் கோவம், "உங்க காரு ஓடிருச்சு, என் சுகர யாருல பாப்பா?"ன்னு வழி நெடுக கேட்டுகிட்டே வந்தாவ. மறுநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைல வாங்கினோம், மதர்போர்டுல போடுறதும் இதே செல்லுதானாம், வாட்ச் கடை இல்லன்னா அங்க கேளுங்க. 2025ன்னு ஒண்ணு நீட்டுவாங்க, வாங்காதீங்க, அகலம் ஒண்ணுதான் ஆனா 2032 கனம் 3.2 மில்லிமீட்டர், அது 2.5 தான், உள்ள ஆடிக்கிட்டு கெடக்கும். இன்னொண்ணு, குழந்தைங்க வாயில போட்டுறக் கூடாதுன்னு கசப்பு பூசின செல்லும் வருது, அந்தப் பூச்சால சில சாவில கரண்ட் சரியா ஏறாது. அதுக்காக பழச அப்படியே மேசைல போட்டுட்டுப் போயிராதீங்க, பிள்ளைங்க முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே தொண்டைக் குழாய வெந்து போக வெச்சிரும்.

-----

எல்லாரும் செல்லு செல்லுங்கறீங்க, எனக்கு நடந்தது வேற. சென்னைல ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங், செல் புதுசு, ஸ்பேர் சாவியும் கைல இருக்கு, ரெண்டுமே வேலை செய்யல, சாவிய பட்டன்ல ஒட்டி ஸ்டார்ட் பண்ணி வெளிய தெருவுக்கு வந்ததும் ரெண்டு சாவியும் ஜம்முனு வேலை செய்யுது. அதே அலைவரிசைல பக்கத்துல வேற ஏதாச்சும் ஓடிட்டு இருந்தா சாவி பேசறது வண்டி காதுல விழாது. சாவிய மாத்தணும்னு ஆயிரக்கணக்குல எஸ்டிமேட் போட ஆள் இருக்கு, வேற எடத்துல நிறுத்தி பாத்துட்டு அப்புறம் பணத்த எடுங்க. அதே மாதிரி வண்டியோட 12 வோல்ட் பேட்டரி இறங்கினாலும் கைப்பிடி ஊமையாத்தான் இருக்கும். இரும்புச் சாவில தொறந்து உள்ள லைட் எரியுதான்னு பாருங்க, எரியலன்னா சாவி மேல பழி போடாதீங்க, ஜம்ப் ஸ்டார்ட்டுக்கு (வேற வண்டி பேட்டரில கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ண) ஆள் தேடுங்க.

-----

ஒரு டவுட்டுங்க, செத்த சாவிய ஒட்டி ஸ்டார்ட் பண்ணிட்டோம், நடுரோட்டுல போய்ட்டு இருக்கும்போது சாவி இல்லன்னு இன்ஜின் நின்னுடுமா? அப்புறம் எங்க வீட்டு சாவில செல் அடிக்கடி தீருது, கடைக்காரர் நல்ல செல்தான் குடுக்கறார்.

-----

நிக்காது தம்பி, மீட்டர்ல சாவி இல்லன்னு கத்தும் அவ்வளவுதான், ஓடுற இன்ஜின அது நிறுத்தாது. ஆனா டீ குடிக்க ஆஃப் பண்ணீங்கன்னா மறுபடி ஒட்டித்தான் ஸ்டார்ட் பண்ணணும். சாவிய வீட்ல எங்க வைக்கிறீங்க?

-----

போர்டிகோ சுவத்துல ஒரு ஆணி, அதுலதான் தொங்கும். வண்டியும் அங்கதான் நிக்கும்.

-----

அதான் விஷயம். அவ்வளவு கிட்ட இருந்தா சில வண்டில சாவி தூங்கவே தூங்காது, சும்மா சும்மா பதில் சொல்லிட்டே இருக்கும். ஆணிய உள் ரூமுக்கு மாத்துங்க, டிவி பக்கத்துல மட்டும் அடிக்காதீங்க, அதோட அலையும் செல்ல சீக்கிரம் தீத்துடும்.